கோட்டை கட்டிய சொல்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் மேற்கே போகும் பேருந்தில் நடத்துநர் புதுக்கோட்டைக்குச் சீட்டுக் கிழிக்கும்போது, தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டையை அங்கே யாரும் நினைப்பதில்லை. முத்துக்குளித்துறைப் பக்கத்தாருக்குப் புதுக்கோட்டை என்றால் உப்பளங்கள் பின்தங்கிய பிறகு வருகிற இந்தச் சாலையோர ஊர்தான். சொல்லை நேசிக்கும் அன்பர்கள் இதே சாலையில் இன்னும் மேற்கே போய்ப் பார்க்க வேண்டும். அடுத்துப் பாளையங்கோட்டை, அதையும் தாண்டித் தென்காசி வழியே போனால் மலையடிவாரத்தில் செங்கோட்டை. கடலிலிருந்து மலை வரை ஒரே பாதையில் மூன்று கோட்டைகள் நிற்கின்றன. புது, பாளையம், செம்மை என்று அடைகள் மாறிக்கொண்டே வர, கோட்டை என்ற பெயர் மட்டும் மாறாமல் உடன் வருகிறது. அடைகளை ஒதுக்கிவிட்டு அந்தப் பெயரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

கோட்டை என்றவுடன் நம் மனம் கொத்தளத்தையும் பீரங்கியையும் அரியணையையும் நினைத்துக்கொள்கிறது. ஆனால் கோட்டைக்குள்ளே அரண்மனை இருக்கலாம், நெற்களஞ்சியம் இருக்கலாம், வெறும் கட்டாந்தரையும் இருக்கலாம். சுற்றி ஒரு சுவர் இருந்தால் அது கோட்டை, சுவர் போய்விட்டால் கோட்டை இல்லை. ஆகவே இந்தப் பெயரின் உள்ளீடு சுவர்தான். அதுவும் ஒரு பக்கம் மட்டும் மறைத்து நிற்கும் சுவராக இருந்தால் போதாது, சுற்றி வந்து தன்னோடு தானே கூடிக்கொள்ளும் சுவராக இருக்க வேண்டும்.

நம் பழம்பாடல்களில் கோட்டை என்ற சொல் அரிது. அந்த இடத்தில் எயில், மதில், இஞ்சி, புரிசை, அரண் என்று வேறு சொற்கள் நிறைந்திருக்கின்றன. திருக்குறளில் அரணுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. உயர்ந்திருத்தல், அகன்றிருத்தல், உறுதியாயிருத்தல், பகைவர் நெருங்க அரிதாயிருத்தல் என்ற நான்கும் கூடியதையே நூலோர் அரண் என்பர் என்று வள்ளுவர் வகுக்கிறார். இன்று ஒரு கட்டடப் பொறியாளரிடம் நல்ல சுவருக்கு இலக்கணம் கேட்டாலும் முதல் மூன்றையும் அவர் அப்படியே சொல்வார். எயில் என்னும்போது எய்தல் காதில் விழுகிறது. மறைந்து நின்று அம்பு எய்யும் இடம் அது. அரண் என்பதில் காப்பு முன்னே நிற்கிறது. இப்படி ஒவ்வொரு சொல்லும் மதிலின் ஒவ்வொரு பக்கத்தைப் பார்க்கிறது. பின்னால் வந்து இவற்றையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுப் பேச்சில் நிலைத்துவிட்ட கோட்டை என்பது எந்தப் பக்கத்தைப் பார்த்துப் பிறந்தது?

இச்சொல் நம் வீட்டுச் சொல்தான். மலையாளத்தாரும் தெலுங்கரும் கன்னடத்தாரும் துளுவரும் ஈற்றுயிரைச் சற்றே மாற்றி இதே சொல்லை வழங்குகிறார்கள். நீலகிரித் தோதவர் மொழியில் இதன் உடன்பிறப்பு பங்களா வீட்டைக் குறிக்கிறது. வடமொழியில் காணும் ‘கோட்ட’ என்ற வடிவத்தைத் தெற்கிலிருந்து போனதாகவே மொழிநூலார் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் குசராத்தின் ராஜ்கோட்டிலும் பஞ்சாபின் பதான்கோட்டிலும் எல்லை தாண்டி நிற்கும் சியால்கோட்டிலும் ஒலிக்கும் ‘கோட்’, நம் புதுக்கோட்டையின் பின்பாதிக்கு உறவு. ஒரு சிற்றூரின் பேருந்து நிறுத்தப் பலகையில் இவ்வளவு நீண்ட உறவுக்கொடி சுருண்டு கிடப்பதில் தமிழன்பர் கொஞ்சம் பெருமை கொண்டால் தவறில்லை.

வேர் எது என்பதில்தான் கருத்து வேறுபாடு. 1961இல் முதற்பதிப்பும் 1984இல் விரிந்த இரண்டாம் பதிப்பும் கண்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் பரோவும் எமனோவும் கோட்டை, கோடு என்னும் அரண்பெயர்களைத் தனிப்பதிவாக நிறுத்தி, வளைதலைக் குறிக்கும் கோடு என்ற வினையை வேறு பதிவில் வைத்தார்கள். நம் வேர்ச்சொல் ஆய்வாளர்களோ இரண்டையும் ஒரே கொடியின் கிளைகளாகப் பார்ப்பவர்கள். கோடுதல் வளைதல், வளைந்து சூழ்ந்தது கோட்டை என்பது அவர்கள் வழி. அகராதி ஆசிரியர்களின் எச்சரிக்கையை மதித்தே சொல்கிறேன், எனக்கு இரண்டாவது வழிதான் உவப்பானது. அதற்கான சான்று நூல்களைவிடத் திருநெல்வேலிச் சீமையின் வாய்வழக்கில் மிகுதியாக இருக்கிறது.

இந்தச் சீமையில் கோட்டை என்பது நெல்லின் பெயரும்கூட. விதைநெல்லைக் காயவைத்து, வைக்கோலைப் பரப்பி, அதன் நடுவில் கொட்டி, சுற்றிலும் வைக்கோலை மடக்கி, முறுக்கிய வைக்கோற்புரியால் வரிந்து வரிந்து உருண்டையாக்கி, மேலே சாணமும் மண்ணும் குழைத்துப் பூசி வைப்பார்கள். அதற்கு விதைக்கோட்டை என்று பெயர். அந்த வேலையைச் சொல்லும் வினை, கோட்டை கட்டுதல். கொள்கலன் பிறகு அளவாயிற்று. இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. அளவு பிறகு நிலமாயிற்று. ஒரு கோட்டை நெல் விதைக்கத் தக்க வயல் ஒரு கோட்டை விதைப்பாடு. ‘அவுகளுக்கு ஆத்துப்பாசனத்துல பத்துக் கோட்டை விதைப்பாடு’ என்று தாமிரபரணிக் கரையில் ஒருவர் சொன்னால் அதில் மதிலும் இல்லை, அகழியும் இல்லை. நெல்லைச் சூழ்ந்த வைக்கோல்தான் இருக்கிறது.

இன்னொரு கோட்டை வானத்தில் கட்டப்படுவது. மெல்லிய முகிற்படலத்தின் பனித்துகள்களில் ஒளி முறிந்து நிலாவைச் சுற்றி வட்டம் விழும்போது நம் பாட்டிமார் ‘நிலா கோட்டை கட்டியிருக்கு’ என்றார்கள். பரிவேடம் என்று புலவர் சொன்னதைக் கோட்டை என்று உழவர் சொன்னார். அந்த வட்டத்தில் வலிமையும் இல்லை, அரசும் இல்லை. சுற்றி வளைத்தல் ஒன்றே அங்கே உண்டு. அது ஒன்றே கோட்டை என்ற பெயரை ஈட்டிக்கொள்ளப் போதுமானதாக இருந்திருக்கிறது. மதில், வைக்கோற்கட்டு, நிலாவட்டம் என மூன்று பொருள்களும் ஒரே சொல்லில் தற்செயலாக வந்து கூடியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வைக்கோற்புரி என்றோமே, அதையும் விட்டுவிடக் கூடாது. புரிதல் என்பதன் பழம்பொருள்களில் ஒன்று முறுக்குதல், சுற்றுதல். முறுக்கிய கயிறு புரி. வலமாகச் சுழித்த சங்கு வலம்புரி. மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையே இல்லை. இலக்கியத்தில் நகரைச் சூழும் மதிலுக்குப் புரிசை என்று பெயர். புரியால் வரிந்தது விதைக்கோட்டை, புரிசையால் சூழ்ந்தது நகர்க்கோட்டை. இரண்டு வெவ்வேறு தொழில்களில் ஒரே இணைச்சொற்கள் கைகோத்து நிற்கும் இந்த அழகை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கோட்டத்துக்கு வருவோம். கோட்டையின் உடன்பிறப்பான இந்தச் சொல்லுக்கு வளைவு, சூழ்ந்த இடம், கோயில், நாட்டுப்பிரிவு என்று பல பொருள்கள். தொண்டைமண்டலத்தை இருபத்து நான்கு கோட்டங்களாகப் பகுத்திருந்தார்கள். 1976இல் சென்னையில் திறக்கப்பட்ட நினைவகத்துக்கும் வள்ளுவர் கோட்டம் என்றே பெயர் வைத்தார்கள். மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாற்றப்படும் கதை ஒரு காதையாகவே விரிகிறது. அடைப்பதும் சுவர்தான், அணைப்பதும் சுவர்தான் என்பதால் கோட்டம் என்ற பெயர் இரண்டுக்கும் பொருந்திப் போகிறது. தூத்துக்குடி மாவட்டத்து ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக மண்மதிலுக்குள் வாழ்ந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அந்த மதிலைத் தாண்டாமல் இருந்த வரலாற்றைக் கமலா கணேஷ் 1993இல் நூலாக வெளியிட்டார். அந்தச் சுவரும் கோட்டை என்றே அழைக்கப்பட்டது. சொல்லின் இனிமையில் மயங்கி அதன் இந்தப் பக்கத்தை மறைத்துவிட எனக்கு விருப்பமில்லை.

இப்போது வினைக்கு வருகிறேன். நெல்லைக் கோட்டை கட்டுகிறோம், நிலா கோட்டை கட்டுகிறது, கொத்தனார் சுவர் கட்டுகிறார். தமிழில் வீட்டை எழுப்புவதற்கும் மூட்டையை முடிவதற்கும் வினை ஒன்றே. கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் இதிலும் நம்மோடு நிற்கின்றன. தாலி கட்டுகிறோம், சேலை கட்டுகிறோம், பாத்தி கட்டுகிறோம், அணை கட்டுகிறோம், பாட்டும் கட்டுகிறோம். தனித்தனியாக இருந்தவற்றைப் பிரியாதபடி ஒன்றாக்கும் செயல் எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் கட்டு வந்து நிற்கிறது. இதே கடற்கரையில் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுமரம் செய்தார்கள். சோழமண்டலக் கரையில் அதைக் கண்ட வில்லியம் டாம்பியர் 1697இல் அச்சான தம் பயணநூலில் அந்தப் பெயரையும் எழுதிவைக்க, இன்று உலகக் கடல்களில் ஓடும் இரட்டையுடற் படகுகளுக்கெல்லாம் ‘கட்டமரான்’ என்று பெயர். மரத்தைக் கயிற்றால் கட்டலாம். கல்லை எதனால் கட்டுவது?

சாந்தால் என்று உடனே விடை வரும். கட்டுவேலை தெரிந்தவர் அந்த விடையை முழுதும் ஏற்கமாட்டார். சாந்து கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மெத்தையாகக் கிடந்து பாரத்தைச் சீராகப் பரப்புகிறது, ஒட்டவும் செய்கிறது. ஆனால் சுவரைச் சுவராகப் பிடித்து நிறுத்துவது கற்கள் ஒன்றன்மேல் ஒன்று படுக்கும் முறை. ‘ஜாயிண்டுக்கு மேல ஜாயிண்டு வரப்பிடாது’ என்பதுதான் புதிதாகக் கரணை பிடிப்பவனுக்கு எங்கள் பக்கத்துக் கொத்தனார் சொல்லும் முதற்பாடம். கீழ்வரிசையில் இரண்டு கற்கள் கூடும் இடத்தின்மேல் மேல்வரிசைக் கல்லின் நடுப்பகுதி வந்து அமர வேண்டும். இணைப்புகள் நேர்நேராக ஏறினால் அந்தக் கோட்டிலேயே சுவர் பிளக்கும். மாறி மாறி வந்தால் மேலிருந்து இறங்கும் பாரம் ஒரு கல்லிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்குமாகப் பரவி இறங்கும். மூலையில் ஒரு வரிசைக்கு இந்தச் சுவரின் கல் நீண்டு போக, அடுத்த வரிசைக்கு அந்தச் சுவரின் கல் நீண்டு வரும். கோத்த விரல்கள் போல இரண்டு சுவர்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மூலையில் இந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் நான்கு சுவர்கள் நான்காகவே நிற்கும், கோட்டை ஆகா.

செங்கல்லின் அளவும் இந்தக் கட்டுக்காகப் பிறந்ததுதான். பழைய அளவில் ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், மூன்று அங்குல உயரம். அகலம் இரண்டைச் சேர்த்தால் நீளம் ஒன்று. அதனால்தான் ஒன்பது அங்குலச் சுவரில் கல்லை நெடுக்காக இரண்டு வைத்தாலும் குறுக்காக ஒன்று வைத்தாலும் கனம் ஒன்றாகவே வருகிறது. குறுக்கே கிடக்கும் கல் சுவரின் இரண்டு முகங்களையும் பிணைக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவான 190, 90, 90 மில்லிமீட்டர்க் கல்லும் இணைப்புக்குப் பத்து மில்லிமீட்டர் விட்டு இருநூறும் நூறுமாக இதே கணக்கில்தான் ஓடுகிறது. வரிசை தொடங்கும் இடத்தில் கணக்கு இடறினால் அரைக்கல், முக்கால்கல் என்று கொத்தி வைப்பார்கள். கொத்துதல் என்ற இந்த வினையிலிருந்து கொத்தன் வந்தான் என்றும், கொற்றன் என்பது மருவிக் கொத்தன் ஆயிற்று என்றும் இருவகையாகச் சொல்வார்கள். எப்படியானாலும், ஆர் விகுதி சேர்த்துக் கொத்தனார் என்று மரியாதையோடுதான் தென்னாட்டார் அழைத்தார்கள். வடதமிழ்நாட்டில் கொல்லத்துக்காரர் என்பார்கள். அதில் கொல்லன் என்பதன் முதலசை கேட்கிறது. ஈழத்தில் மேசன் என்ற இரவற்பெயர் வேரூன்றிவிட்டது. மேஸ்திரி என்பதும் இரவல்தான், போர்த்துக்கீசியரின் ‘மெஸ்த்ரெ’. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தவர்கள் அவர்கள். 1582இல் தூத்துக்குடியில் பனிமய மாதா ஆலயத்தை எழுப்பியவர்களும் அவர்களே. நம் சுவர்களில் அவர்கள் திறந்துவைத்த துளைக்கு ஜன்னல் என்று பெயர், அதுவும் அவர்கள் மொழியின் ‘ஜனெலா’. காற்று வரும் வழி என்று அழகாகப் பொருள்படும் காலதர் சிலப்பதிகாரத்தோடு தங்கிவிட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கொத்தனாருக்குத் துணை நிற்கும் பெயர்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சாந்துச்சட்டி சுமக்கும் சித்தாள், சிறுமை அடைபெற்ற சிற்றாள்தான். காற்று காத்தானது போல றகரம் தகரமாயிற்று. அதற்கு ஒரு படி மேலே, கலவை போட்டுக் கல் எடுத்துக் கொடுப்பவர் நிமிந்தாள். நிமிர்ந்த ஆள் என்று பிரித்தால் பொருள் தானாக விரிகிறது. அந்த நிமிர்தல் என்ற சொல்லோடுதான் நாம் முன்னே பார்த்த கோட்டத்துக்கு ஒரு முரண் பிறக்கிறது.

கோட்டம் என்றால் வளைவு, கோணல். நிற்கும் சுவரில் கோட்டம் வந்தால் அது விழும். ஆகவே கொத்தனாரின் கருவிகளில் பாதி, கோட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள். இருமுனையிலும் ஆணியடித்து நூல் கட்டி வரிசையை நேராக ஓட்டுவார். தூக்குக்குண்டை மேலிருந்து விட்டுச் சுவர் செங்குத்தாக ஏறுகிறதா என்று பார்ப்பார். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். மூலைமட்டத்தை வைத்து மூலை சரியா என்று பார்ப்பார். நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்திலும் நூல் அறிந்த புலவர்கள் நுட்பமாகக் கயிறு பிடித்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். அங்கே நூல் என்றது கட்டடக் கலை ஏடு, பிடித்தது கயிறு. இரண்டுக்கும் நூல் என்று ஒரே பெயர் அமைந்துவிட்ட மொழி இது. நன்னூலின் பாயிரம் இந்த ஒற்றுமையை எடுத்துக்கொண்டு, மரத்தின் கோணலைத் தச்சன் போடும் நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைப் புலவன் செய்யும் நூல் தீர்க்கும் என்று உவமை சொல்கிறது. மனக்கோணலுக்கு அங்கே வரும் சொல் மனக்கோட்டம். மனக்கோட்டத்துக்கும் மனக்கோட்டைக்கும் இடையே ஈறு ஒன்றுதான் வேறுபாடு. ஒன்று தீர்க்க வேண்டிய கோணல், மற்றது ஆசையில் எழுப்பும் கட்டடம்.

சுவரைப் பற்றிய முழு இலக்கணமும் இந்த முரணில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. தரைமீது அது வளைந்து சூழ வேண்டும், அங்கே கோட்டம் வேண்டும். வானோக்கி எழும்போது இம்மியும் வளையக்கூடாது, அங்கே கோட்டம் ஆகாது. கோட்டை என்ற சொல் முதல் கோட்டத்துக்குப் பெயரிட்டது. இரண்டாம் கோட்டத்தைத் தவிர்க்கும் வேலையைத் தூக்குக்குண்டிடம் விட்டுவிட்டது.

கல்லுக்கும் ஒரு பெயர்க்கதை உண்டு. சங்கப்பாடல்களில் செங்கல்லுக்கு இட்டிகை, சுடுமண் என இரண்டு பெயர்கள் வருகின்றன. பாழ்பட்ட கோயிலைக் காட்டும் அகநானூற்று 167ஆம் பாட்டில் இட்டிகை. காஞ்சி மாநகரைக் காட்டும் பெரும்பாணாற்றுப்படையில் சுடுமண். இரண்டையும் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒருவரே. இட்டிகை வடமொழி ‘இஷ்டகா’ வழி வந்தது என்பது பொதுவான கருத்து. அதன் உறவுச்சொல் பாரசீகத்தில் ‘கிஷ்த்’ என்று வழங்குவதால், அது ஆசியாவின் நெடுவழிகளில் பல கைகள் மாறி வந்த சொல் என்று தெரிகிறது. சுடுமண்ணோ செய்முறையையே பெயராக்கிக்கொண்ட தனித்தமிழ். வந்த சொல்லையும் பிறந்த சொல்லையும் இடத்துக்கு ஏற்ப எடுத்தாண்ட அந்தப் புலவரின் கை நமக்கெல்லாம் பாடம். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் குடைந்தேன் என்று வடமொழியில் பொறித்துவைத்ததிலும் இந்த இஷ்டகா இருக்கிறது. இல்லாமையைச் சொல்லி, அதுவரை கோயில்கள் செங்கல்லால் எழுந்ததை அது காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் இறுதியில் வென்ற பெயர் செங்கல். கன்னடத்தாரும் தெலுங்கரும் மலையாளத்தாரும் இட்டிகையின் வழிச்சொற்களையே வைத்துக்கொள்ள, நாம் மட்டும் நிறத்தைப் பிடித்துக்கொண்டோம். சூளைக்காரர் பேச்சைக் கேட்டால் இந்த நிறம் இன்னும் துலங்கும். மிதித்த மண்ணை அச்சில் இட்டு எடுப்பதற்குச் செங்கல் அறுத்தல் என்று பெயர். அறுத்துக் காயவைத்த, சுடாத கல் பச்சைக்கல். பச்சை என்பது இங்கே வேகாமை. பச்சைக்கல் சூளைக்குள் போய்ச் செங்கல்லாக வெளியே வருகிறது. அறுத்ததைச் சுட்டு, சுட்டதைக் கட்டுகிறோம். மூன்று வினையும் சேர்ந்தால் தமிழ் தானே எழுதிக்கொண்ட தொழில்முறை.

புதுக்கோட்டைக்குத் தெற்கே, தாமிரபரணி கடல் சேரும் பக்கத்தில் இருக்கும் கொற்கையில் அகழ்ந்தவர்கள் செங்கற் கட்டுமானங்களையும் உறைகிணறுகளையும் கண்டார்கள். பாண்டியரின் முத்துத்துறை செங்கல் அறிந்த துறை. அங்கே முதலில் மண்ணைக் கிண்டிப் பார்த்தவர்களில் கால்டுவெல் ஒருவர் என்பதைச் சொல்லன்பர்கள் மறக்கக்கூடாது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அதே மனிதர், திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஊரான இடையன்குடியில் ஒரு கோயில் கட்டினார். 1847இல் தொடங்கிய சுவர் 1880இல்தான் முடிந்தது. சொற்களை அடுக்கடுக்காகப் பிரித்தவரும் கல்லை அடுக்கடுக்காகச் சேர்த்தவரும் ஒருவரே என்பது இந்தக் கட்டுரைக்கென்றே அமைந்த செய்தியாக எனக்குத் தோன்றுகிறது. 1891இல் மறைந்த அவரை அந்தச் சுவர்களுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

சாந்து என்ற சொல்லில் இன்னொரு நயம். மார்பில் பூசும் சந்தனக்குழம்புக்கும் சாந்து, கல்லில் பூசும் கலவைக்கும் சாந்து. இந்தக் கரையில் சாந்துக்கு வேண்டிய சுண்ணாம்பைக் கடல் கொடுத்தது. சிப்பியையும் சங்குத்துண்டையும் பவளக்கல்லையும் சுட்டு நீற்றினார்கள். பவளக்கல்லை அளவில்லாமல் வெட்டியதற்கு விலையும் கொடுத்தோம். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. திட்டைச் சுற்றி நின்ற பவளப்பாறைதான் அவற்றுக்குச் சுவராக இருந்தது. கடலோரத்துக் கொத்தனார் உப்புக்கு அஞ்சுவதும் இயல்பு. மணலிலும் நீரிலும் உப்பு இருந்தால் சுவரில் அது வெள்ளையாகப் பூக்கும். பூத்த இடத்தில் செங்கல் பொரிந்து உதிரும். செங்கல்லை வைக்குமுன் நன்றாக நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கலவையின் நீரைக் குடித்துவிடும். கட்டிய பின்னும் பல நாள் நனைக்க வேண்டும், அதற்குப் பொறியியல் தமிழில் நீராற்றுதல் என்று இனிய பெயர். இதற்கெல்லாம் நல்ல தண்ணீர் வேண்டும், உப்புக்கரையில் அது எளிதன்று.

செங்கல்லும் சாந்தும் இல்லாத கோட்டையும் இந்த மண்ணில் நின்றது. பாஞ்சாலங்குறிச்சி மதில் மண்மதில். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16ஆம் நாள் தூக்கிலிட்டபின் கும்பினியார் அந்தக் கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவர் மக்களும் ஆறே நாளில் அதைத் திரும்ப எழுப்பியதாக வரலாறு சொல்கிறது. மார்ச் 31ஆம் நாள் வந்த தாக்குதல் அந்த மதிலில் முட்டித் தோற்றது. மே 24ஆம் நாள்தான், பெரும்படை வந்த பிறகு, கோட்டை விழுந்தது. செங்கல்லில் மோதும் குண்டு அதை நொறுக்கும், கனத்த மண்ணில் மோதும் குண்டு புதைந்துபோகும். அகலமும் திண்மையும் வேண்டும் என்ற குறளின் கணக்கு அங்கே மண்ணாலேயே நிறைவேறியது. பிறகு அந்த நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது மக்கள் நினைவு. 1974இல் தமிழ்நாட்டரசு அங்கே நினைவுக்கோட்டை எழுப்பியது. பொறுப்பில்லாமல் கைநழுவ விட்டதைக் ‘கோட்டை விட்டான்’ என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். ஒரு கோட்டையை விட நேர்வது எத்தகையது என்று இந்தச் சீமைக்குத் தெரியும்.

இன்றைக்குப் புதுக்கோட்டைப் பக்கம் எழும் வீடுகளில் செம்மை குறைந்துவருகிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்து உலர்சாம்பலில் செய்த கல் சாம்பல் நிறம். ஆனாலும் அதைச் சாம்பல் செங்கல் என்கிறார்கள். நிறம் போன பின்னும் செம்மை பெயரில் ஒட்டிக்கொண்டு, செங்கல் என்பது கட்டுதற்குரிய கல் என்ற பொதுப்பொருளை அடைந்துவிட்டது. உள்ளே குழிவிட்ட சிமெண்டுக் கல் ஒன்று பதினாறு அங்குல நீளத்தில் வந்து, ஒரே தூக்கில் பல செங்கல்லின் இடத்தை நிரப்புகிறது. அது ஹாலோ பிளாக் என்ற பெயரோடு வந்தது. கொத்தனார் வாயில் முதலிலுள்ள ஹகரம் உதிர்ந்து ஆலோ பிளாக் ஆயிற்று, பிறகு நம் பழைய சொல் பின்னால் வந்து ஒட்டி ஆலோ பிளாக் கல்லு ஆயிற்று. உட்புழைக்கல் என்று நாம் ஏட்டில் ஆக்கிக்கொள்ளலாம், அது அழகாகவும் இருக்கும். ஆனால் சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனார் கீழே நிற்கும் நிமிந்தாளைப் பார்த்து, ‘ஏல, ஆலோக்கல்லு ரெண்டு தூக்கு’ என்கிறார். கீழிருந்து ஏறி வரும் கல்லை வாங்கி, முந்தின வரிசையின் இணைப்புக்கு மேலே அதன் நடுவை வைத்து, கரணையின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டி, நூலுக்குக் கொண்டுவருகிறார்.